பிளந்த மூலைக்கு ஒரு சொருகு

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிற வேலை இருக்கிறதே, அது எப்போதும் ஏதாவது ஒரு வம்பில்தான் கொண்டுபோய் விடும். இந்தத் தடவை அது எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தில் கொண்டுபோய் விட்டது.

அது அத்தையும் மாமாவும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். அத்தை என்றால் என் மாமியார். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மாமா விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். அத்தை காலமாகி ஒன்பது வருஷமாகிறது. துடைப்பதற்காக நான் படத்தை ஆணியிலிருந்து கழற்றியதுதான் தாமதம், கீழ் மூலை 'கிறீச்' என்றது. பார்த்தால், இரண்டு மரச் சட்டங்களும் சேருகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது!

"கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் புது பிரேம் போட்டுக் கொடுத்துவிடுவான். தங்க முலாம் பூசினாற்போல் பிளாஸ்டிக்கில் எவ்வளவு அழகாக வருகிறது!" என்றார் என் கணவர்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிளந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு இடைவெளி அம்மா? எனக்குத் தெரியவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சட்டம் அவர் கையாலேயே செய்தது. 1978-ல், உடைந்துபோன தேக்கு மேஜையின் காலை அறுத்து இழைத்துச் செய்தாராம். மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால், எங்கே தழும்பு, எங்கே மெலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார் என்பார்கள். அந்த விரல்களுக்குத்தான் இன்று நாணயம் நுழைகிற இடைவெளி தெரியவில்லை. சர்க்கரை வியாதி முதலில் பாதத்தை மரத்துப்போகச் செய்தது. பிறகு விரல் நுனிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மாமா திண்ணையில் உட்கார்ந்து உளியால் ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுபோன நான், கீழே விரித்திருந்த செய்தித்தாள் முழுக்க ரத்தத்தைப் பார்த்து அலறிவிட்டேன். அவருக்கோ விரல் வெட்டுப்பட்டதே தெரியாது! அன்றைக்கே அவருடைய கருவிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை. நான் இறக்கவும் இல்லை.

தை மாதக் கடைசியில் அத்தையின் நினைவு நாள். அதற்குள் படம் சுவரில் ஏற வேண்டும். "புது பிரேம் வேண்டாம். இதையே சரி செய்யலாம்" என்று நான் சொன்னதும், மாமா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

மூலை ஏன் பிளக்கிறது?

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் படங்களின் மூலைகளையும் ஒரு முறை பாருங்கள். பத்தில் இரண்டாவது இளித்துக்கொண்டிருக்கும். செய்தவரைத் திட்டாதீர்கள். தப்பு பெரும்பாலும் மரத்தின் சுபாவத்தில் இருக்கிறது.

ஒரு கட்டு வைக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பசை தடவி இன்னொரு கட்டோடு சேர்த்தால் நன்றாக ஒட்டும். நுனியில் தடவி நுனியோடு நுனியாகச் சேர்த்தால்? பசை எல்லாம் துளைகளுக்குள் இறங்கிவிடும், பிடிப்பு இருக்காது. மரமும் அப்படித்தான். அதன் ரேகைகள் நீளவாட்டில் ஓடுகிற மெல்லிய குழாய்கள். படச் சட்டத்தின் மூலையில் இரண்டு கட்டைகளையும் சரிபாதி சாய்வாக வெட்டிச் சேர்க்கிறோம். பார்க்க அழகு, ஆனால் அங்கே சேருவது இரண்டு நுனிகள்.

இது போதாதென்று பருவம் வேறு. எங்கள் வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும். நீளத்தில் அது அவ்வளவாக மாறுவதில்லை, அகலத்தில்தான் மாறுகிறது. ஆகவே சாய்வாக வெட்டிய இரண்டு கட்டைகளும் வருஷா வருஷம் ஒன்றையொன்று நெம்பிக்கொண்டே இருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கியதே மாமாவின் கைத்திறமைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமா அன்று ஒட்டியது மர வஜ்ரத்தால். வஜ்ரம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? தோலிலிருந்து! பதனிடுவதற்கு முன் தோலின் உட்புறத்திலிருந்து சீவி எடுக்கிற சவ்வையும், ஓரத்து நறுக்குகளையும் சுண்ணாம்பில் ஊறவைத்துக் கழுவி, வெந்நீரில் மெல்லக் காய்ச்சினால் கிடைக்கிற பசை அது. பதனிட்ட தோலில் இது வராது. பதனிட்டபின் தோல் வெந்நீருக்கு அப்படிக் கரைந்து கொடுப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் நடக்கிற எங்கள் பக்கத்து வீடுகளில், காலில் போடுகிற செருப்பும் சுவரில் மாட்டுகிற படமும் ஒரு வகையில் பங்காளிகள்!

வஜ்ரத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி விட்டுக்கொடுத்துவிடும். கண்ணாடியையும் படத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, நாலு மூலைகளையும் அப்படித்தான் பிரித்தோம். ஒரு சிராய்கூடப் பெயரவில்லை.

கொழுந்தனாரின் யோசனை

என் கொழுந்தனார் ஆம்பூரில் ஒரு சிறு மரப்பட்டறை வைத்திருக்கிறார். ஷூ கம்பெனிகளுக்குச் சாம்பிள் அடுக்குகிற அலமாரி, பெட்டி இவையெல்லாம் செய்து கொடுக்கிறார். ஆம்பூர் என்றதும் எல்லோருக்கும் பிரியாணி ஞாபகம் வரும். எனக்கு அவருடைய பட்டறையில் பறக்கிற மரத்தூள்தான் ஞாபகம் வரும். 2019-ல் ஜில்லாவைப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. ஆனாலும் கொழுந்தனார் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்துக்கொண்டு அங்கே போனோம்.

கொழுந்தனார் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணி, வெறும் பசையை நம்பினால் மறுபடியும் விடும். மூலைக்குக் குறுக்கே ஒரு காடி வெட்டி, அதில் மெல்லிய மரத் துண்டு ஒன்றைச் சொருகிவிட வேண்டும். இரண்டு கட்டையையும் அது கைகோத்துப் பிடித்துக்கொள்ளும்."

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரவிக்கையின் அக்குளில் தையல் விட்டுக்கொண்டே இருந்தால் என்ன செய்வோம்? தைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி தைக்க மாட்டோம். சின்னத் துண்டுத் துணி ஒன்று வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்போம் அல்லவா? இதுவும் அதுவே. வைக்கோல் உதாரணப்படி சொன்னால், சொருகின் ரேகை மூலையின் பிளவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அப்போதுதான் காடியின் இரண்டு பக்கமும் பசை பக்கவாட்டில் பிடிக்கும்.

"அப்படியானால் காடியை ரம்பத்தால் அறுத்துவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"கையால் அறுத்தால் ஒரு மூலை நேராக வரும், அடுத்தது கோணும். என்னிடம் இருப்பது மேஜை ரம்பம். மேஜை நடுவிலிருந்து வட்டத் தகடு தலை நீட்டிச் சுழலும். ஆனால் படச் சட்டத்தை மூலை கீழாகக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் தள்ள முடியுமா? சட்டம் ஒரு நூல் சாய்ந்தால் ரம்பம் அதைப் பிடுங்கி வீசும். விரலும் கூடவே போகும். அதைத் தாங்க ஒரு ஜிக் வேண்டும்."

"ஜிக் என்றால்?"

மாமா சிரித்தார். "முறுக்கு அச்சு அம்மா! மாவைக் கையால் பிழிந்தால் ஒன்று தடி, ஒன்று மெலிவு. அச்சில் போட்டால் யார் பிழிந்தாலும் ஒரே மாதிரி. அச்சுக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தால் போதும். கைக்கு அவ்வளவு வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

தொட்டில் கட்டினோம்

சட்டத்தை மூலை கீழாக ஏந்திக்கொள்வதால் அந்த ஜிக்குக்கு நாங்கள் 'தொட்டில்' என்று பெயர் வைத்தோம். பட்டறைக்காரர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். செலவு அதிகமில்லை, மிச்சம் மீதி ப்ளைவுட் போதும்.

முக்கால் அங்குல ப்ளைவுட்டில் 16 அங்குல நீளமும் 12 அங்குல உயரமுமாக ஒரு பலகை. இது தொட்டிலின் முதுகு. மேஜை ரம்பத்தில், தகட்டுக்கு இணையாக ஒரு வழிகாட்டிச் சட்டம் நிற்கும். அதன்மேல் குதிரையில் உட்காருவதுபோல் இந்தப் பலகை உட்கார வேண்டும். அதற்காக, பலகையின் பின்னால் இன்னொரு பலகையும், இரண்டையும் மேலே இணைக்க ஒரு துண்டும் வைத்துத் திருகாணி போட்டோம். பக்கத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்த 'ப' மாதிரி இருக்கும். ஆட்டம் கூடாது, இறுக்கமும் கூடாது. மாமா மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி உட்பக்கம் தேய்த்தார். பிறகு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அடுத்தது முக்கியமான கட்டம். முதுகுப் பலகையின் அடி விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து இடப் பக்கமும் வலப் பக்கமும் சரிபாதி சாய்வாக இரண்டு கோடுகள். சாய்வு மட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் அதுவே சாய்வு மட்டம். இரண்டு கோடுகளும் தங்களுக்குள் நேர் மூலையாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஒரு கோட்டில் 6 அங்குலமும் மற்றதில் 8 அங்குலமும் குறித்து, குறிகளுக்கு இடையே அளந்தால் சரியாக 10 அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் அழித்துப் போடுங்கள். இங்கே ஒரு நூல் பிசகினால் நாலு மூலையிலும் பிசகும்.

கோடுகளின் அடிப்புறமாக, முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு மரச் சட்டங்களைப் பசை தடவிப் பொருத்தினோம். பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை அடி விளிம்போடு அறுத்துவிட்டோம். இப்போது படச் சட்டத்தின் மூலை அந்தச் சாய்வுகளுக்கு நடுவே குழந்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஒரு எச்சரிக்கை: திருகாணிகளை மேல் பாதியில்தான் போட வேண்டும். முதல் தடவை ரம்பம் போகும்போது தொட்டிலின் கீழ்ப் பகுதியையும் சேர்த்தே அறுத்துக்கொண்டு போகும். அந்தப் பாதையில் ஓர் இரும்பு இருந்தாலும் ஆபத்து.

கடைசியாக இரண்டு உபகாரங்கள். ஒன்று, படச் சட்டத்தைப் பலகையோடு அழுத்திப் பிடிக்க ஒரு கவ்வி. இன்னொன்று, தள்ளுவதற்குப் பலகையின் உச்சியில் இஸ்திரிப் பெட்டியின் பிடி மாதிரி ஒரு பிடி. ஆக, ரம்பம் சுழலும்போது கை இருக்க வேண்டிய இடம் அந்தப் பிடி ஒன்றுதான்.

மாமா சொன்ன கதை

எல்லாம் தயார். ரம்பத்தை யார் தள்ளுவது என்று பேச்சு வந்தது. "நான் தள்ளுகிறேன்" என்றார் மாமா.

"வேண்டாம் அப்பா!" என்று கொழுந்தனார் பதறினார். நானும் பரண்மேல் ஏற்றிய பெட்டியை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். மாமா கையமர்த்தினார்.

"நீங்கள் பயப்படுவது நியாயம். ஆனால் நம் வேலூரில் ஒரு டாக்டர் இருந்தாரே, அவருடைய மரப்பட்டறைக் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அந்தக் கதையை நான் பிறகு நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். டாக்டருக்குப் படிப்பதற்கு முன், லண்டனில் சில வருஷங்கள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி மறுபடி நிமிரச் செய்யும் ஆபரேஷன்களைச் செய்தார். கை நிமிர்ந்தது, ஆனால் நிமிர்ந்த கைக்கு வேலை கொடுப்பார் யாரும் இல்லை. அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் பஸ்ஸில்கூட ஏற்ற மாட்டார்கள். ஆகவே 1950-ஐ ஒட்டி, ஓர் அம்மையார் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறு கிராமம் மாதிரி அமைத்தார். அதன் பெயர் நவஜீவ நிலையம். அங்கே அந்த இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் டாக்டரே!

அந்தப் பட்டறையில்தான் ஒரு பெரிய உண்மை நன்றாக விளங்கிற்று. தொழுநோய்க்காரரின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அப்படியில்லை. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. நரம்பு செத்தால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுட்டாலும், வெட்டினாலும், கொப்புளித்தாலும் கையை விலக்குவதில்லை. புண் ஆழமாகி விரலைத் தின்கிறது. ஒரு தடவை, துருப்பிடித்த பூட்டு ஒன்றின் சாவியை டாக்டரால் திருப்ப முடியவில்லையாம். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டான். பலசாலிதான் என்று பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு வரைக்கும் அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

அதனால் பட்டறையில் தினமும் கைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எந்தக் காயம் எந்தக் கருவியால் வந்தது என்று துப்பறிந்தார்கள். கருவியைக் கைக்குத் தகுந்தாற்போல் மாற்றினார்கள். 'உன் கைக்கு வேலை செய்ய யோக்கியதை இல்லை' என்று யாரையும் அனுப்பிவிடவில்லை.

1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் இதே வழிதான். மரத்துப்போன பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு செய்து கொடுத்தார்கள். பிராண்ட் 1966-ல் இந்தியாவை விட்டு அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். இங்கே கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றவும் உதவியது. 2003-ல் அவர் காலமானார். தொழுநோய்க்கு 1980-களிலிருந்து கூட்டு மருந்து வந்து, அது முற்றிலும் குணமாகும் நோயாகிவிட்டது. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடு எது? இன்று மாமா போட்டுக்கொண்டிருக்கிற மெத்துச் செருப்புக்கும் அந்தப் பட்டறைக்கும் உறவு உண்டு.

"விரலுக்கு உணர்ச்சி இல்லாவிட்டால் கண்ணால் தொட வேண்டும். அதுவும் போதாவிட்டால் அச்சு செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதானே?" என்று மாமா முடித்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் என்ன செய்திருந்தேன்? கருவியை மாற்றவில்லை. மனிதரையே வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்!

நான் தள்ளினேன்

ஆனாலும் மேஜை ரம்பம் விளையாட்டல்ல. அது பொம்மைப் பட்டறை உளியைவிடப் பல மடங்கு பொல்லாதது. மரத்துப்போன கைக்கு அதைக் கொடுப்பது சரியில்லை என்று கொழுந்தனார் பிடிவாதமாகச் சொன்னார். மாமாவும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ தள்ளு அம்மா. கண் என்னுடையது; கை உன்னுடையது."

"நானா!" என்றேன். முப்பது வருஷமாக அரிவாள்மணையிலும் மிக்ஸியிலும் வேலை பார்க்கிறவளுக்கு இதில் என்ன என்று மாமா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முன்னேற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். நாலு மூலைகளுக்கும் புது வஜ்ரம் தடவி முதல் நாளே சேர்த்து வைத்திருந்தோம். வஜ்ரத்தை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். இதை நான் என் சமையலறையில் செய்தேன். நீங்கள் தயவுசெய்து கொல்லைப்புறத்தில் செய்யுங்கள். இரண்டு நாளைக்கு ரசத்தில்கூட வஜ்ர வாசனைதான்! சேர்த்த சட்டத்தைச் சுற்றிப் பருத்திக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, நேர் மூலை பார்த்து இராத்திரி முழுக்க வைத்திருந்தோம்.

பழைய சட்டமாகையால் மூலையில் ஆணி இருக்கலாம். ரம்பம் ஆணியில் பட்டால் பல் தெறிக்கும். என் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துப்போயிருந்தேன். மூலைகளில் தடவிப் பார்த்தால் இரண்டு இடத்தில் அது ஒட்டிக்கொண்டது. கொழுந்தனார் இரண்டு ஆணிகளையும் பிடுங்கினார். "அண்ணியின் கண்டுபிடிப்பு!" என்று பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள்.

எங்கள் சட்டம் ஒன்றரை அங்குல அகலம். காடி ஓர் அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடி உட்காருகிற பள்ளத்தில் முட்டிவிடும். தொட்டிலின் அடி அரை அங்குலத்தையும் கூட்டி, ரம்பத்தின் உயரத்தை ஒன்றரை அங்குலமாக வைத்தோம். முதலில் வீண் கட்டையில் ஒத்திகை. அதுவும் நல்லதாகப் போயிற்று. சொருகுத் துண்டை நான் ஆர்வத்தில் சுத்தியலால் தட்ட, அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு முறிந்தது. "சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் போக வேண்டும், கவிழ்த்தால் விழக் கூடாது" என்றார் மாமா. ரம்பத் தடம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதற்குச் சரியாக, பலாமரத்தில் மெல்லிய பட்டை சீவினோம். தேக்குக்குள் மஞ்சள் கோடாகத் தெரியட்டும் என்பது மாமாவின் ஆசை.

பிறகு நிஜச் சட்டம். தொங்குகிற புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, வளையலைக் கழற்றி வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கையுறை மட்டும் கூடாதாம்; சுழலுகிற தகடு துணியைப் பிடித்தால் கையையும் இழுத்துவிடும். சட்டத்தின் முகப்பு பலகையைப் பார்க்க வேண்டும். நாலு மூலைக்கும் அப்படியேதான். அப்போதுதான் காடிகள் ஒரே மட்டத்தில் வரும். கவ்வியை இறுக்கி, ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். ரம்பம் முழு வேகம் பிடித்ததும், "மெல்ல... மெல்ல... போதும். ரம்பத்தை நிறுத்து. அது நிற்கிற வரை தொட்டிலை இழுக்காதே" என்று மாமா சொல்லச் சொல்லத் தள்ளினேன். நாலு மூலை, நாலு காடி. ஒரே அச்சில் பிழிந்த முறுக்குகள் மாதிரி!

சொருகுகளில் பசை தடவி அழுத்தியது மாமாதான். மறுநாள், வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு இழைப்புளி போட்டதும் அவர்தான். மூலையிலிருந்து சட்டத்தின் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். மாற்றி இழைத்தால் சொருகு சிராயாகப் பெயரும். இழைப்புளியின் கூர் அதன் வயிற்றுக்குள் அடங்கியிருப்பதால், அவருடைய இரண்டு கைகளும் பிடியில் பத்திரமாக இருந்தன. முடிந்ததும் நான் கேட்காமலே இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

நினைவு நாளன்று படம் பழைய இடத்தில் ஏறியது. நாலு மூலையிலும் மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு, மூலைக்கு மூலை பொட்டு வைத்த மாதிரி. வந்தவர்கள் "புது பிரேமா?" என்று கேட்டார்கள். "இல்லை, பழையதுதான்" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் நான் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த கருவிப் பெட்டியை இறக்கித் துடைத்துத் திண்ணையில் வைத்தேன். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: உளி வேண்டுமானால் கட்டை கவ்வியில் இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளும் கை கூருக்கு முன்னால் வரக் கூடாது, வேலை முடிந்ததும் கையை என்னிடம் காட்ட வேண்டும்.

இப்போது என் அஞ்சறைப் பெட்டியின் மூலை விட்டிருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் அவரே கண்டுபிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போக வேண்டும் என்கிறார்.